பெல்ட் மாற்ற இன்ஜினை இறக்குவது யார் செலவு?

பழைய ஃபெராரி வைத்திருப்பவர்கள் பில்லைப் பார்த்ததும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பெல்ட்டுக்குப் போட்டிருக்கும் விலை சரி. கூலி எப்படி இத்தனை மடங்கு ஆனது?" வட இத்தாலியில் பழைய கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை பார்க்கிறவன் நான். கேள்வி நியாயமானது. ஆனால் பதில் சொல்ல வேண்டிய ஆள் பட்டறையில் இல்லை. அவர் அந்தக் காரை வரைந்து கொடுத்துவிட்டு எப்போதோ அடுத்த மாடலுக்குப் போய்விட்டார்.

1989-இல் வந்த ஃபெராரி 348-ஐப் பாருங்கள். இருக்கைகளுக்குப் பின்னால் 3.4 லிட்டர் வி8 இன்ஜின் நீளவாக்கில் படுத்திருக்கிறது. டைமிங் பெல்ட் ஓடும் முகம் இருக்கைப் பக்கம். அதற்கும் பயணிகள் பகுதியின் தடுப்புச் சுவருக்கும் நடுவில் கை வைத்து வேலை செய்ய இடமே கிடையாது. எனவே கூலன்ட் குழாய், பெட்ரோல் குழாய், கியர் இணைப்பு, ஹேண்ட்பிரேக் கேபிள், வயர்கள் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பின் சஸ்பென்ஷனையும் தாங்கும் சட்டத்தை மொத்தமாகக் கீழே இறக்க வேண்டும். 1984-இல் வந்த டெஸ்டரோஸாவுக்கும், 1994-இல் வந்த எஃப்355-க்கும் இதே கதைதான்.

ரப்பர் பெல்ட் ஓடினாலும் வயதாகும், நின்றாலும் வயதாகும். வருடம் முழுக்கத் துணி போர்த்தி ஷெட்டில் நிற்கும் காருக்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைச் செய்தாக வேண்டும். தள்ளிப்போட்டுப் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அப்புறம் வரும் பில்லைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை.

இப்படி இறக்கி ஏற்றும்போது பழுதே இல்லாத பாகங்கள் உடைகின்றன. முப்பது வருட வெப்பத்தில் வெந்த பிளாஸ்டிக் கனெக்டரைத் தொட்டாலே நொறுங்கும். இறுகிப்போன ஹோஸைக் கழற்றினால் திரும்ப மாட்ட முடியாது. அலுமினியத்துக்குள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட ஸ்டட், ஸ்பேனரை வைத்ததும் பாதியில் முறியும். பெல்ட்டுக்கு வந்த கார் தண்ணீர் பம்பு, ஹோஸ்கள், மவுண்டிங் ரப்பர் எல்லாம் புதிதாகப் போட்டுக்கொண்டுதான் வெளியே போகும். உரிமையாளர் நாங்கள் வேலையை இழுத்துப் பெரிதாக்குவதாக நினைக்கிறார். இன்ஜின் வெளியே இருக்கும்போது அந்தப் பம்பைத் தொடாமல் விட்டு, ஆறு மாதத்தில் அது ஒழுகினால், மறுபடி இறக்குவதற்கு யார் பணம் கொடுப்பது?

இன்ஜின் குறுக்குவாட்டில் இருக்கும் டினோ 246, ஃபெராரி 308 போன்றவற்றை இறக்காமலே பல வேலைகளை முடிக்கலாம். அது வேறு வகைத் துன்பம். வி வடிவ இன்ஜினின் ஒரு வரிசை சிலிண்டர் நம்மைப் பார்த்திருக்கும், இன்னொரு வரிசை தடுப்புச் சுவரை ஒட்டி மறைந்திருக்கும். அங்கே எக்ஸாஸ்ட் நட்டைக் கழற்றுவது விரல் நுனிக்கு மட்டும் தெரிந்த வேலை. கண்ணாடித்துண்டைக் கம்பியில் கட்டி நீட்டினால் நட்டு தெரியும். கையை விட்டதும் கண்ணாடி மறைந்துவிடும். ஸ்பேனர் ஒரு பல் திரும்பும், எடுத்துத் திருப்பிப் போட்டு இன்னொரு பல். பக்கத்தில் வெப்பத் தகட்டின் விளிம்பு புறங்கையைக் கீறிக்கொண்டே இருக்கும். எங்கள் பட்டறையில் ஓர் இழுப்பறை முழுக்க அறுத்தும், சூடுகாட்டி வளைத்தும் வைத்த ஸ்பேனர்கள் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட காரின் ஒரு குறிப்பிட்ட நட்டுக்காகப் பிறந்தது. கடையில் வாங்கிய நல்ல ஸ்பேனரை முதன்முதலில் அறுக்கும்போது மனசு கேட்காது. பிறகு பழகிவிடும்.

இந்த நெருக்கடிக்குக் காரணம் முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். கனமான இன்ஜின் காரின் நடுவை ஒட்டி இருந்தால் வளைவில் வண்டி சட்டென்று திரும்பும். பந்தயக் கார்கள் அதை நிரூபித்திருந்தன. 1965 டூரின் கண்காட்சியில் லம்போர்கினி, மேலுடல் இல்லாத வெறும் சேஸியைக் கொண்டுவந்து நிறுத்தியது. பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜின், இருக்கைகளுக்குப் பின்னே குறுக்காக. அதை உருவாக்கிய ஜாம்பாவ்லோ டல்லாரா, பாவ்லோ ஸ்டன்சானி, சோதனை ஓட்டுநர் பாப் வாலஸ் மூவரும் அப்போது முப்பதைத் தொடாதவர்கள். குறுக்கு இன்ஜின் யோசனைக்குத் தூண்டுதல் இங்கிலாந்தின் சின்னஞ்சிறு மினி கார். அடுத்த ஆண்டு ஜெனீவா கண்காட்சியில், பெர்டோனே வடிவமைப்பு நிறுவனத்தின் மார்ச்செல்லோ கண்டினி வரைந்த உடலுடன் அது மியூரா என்று வந்தது. உயரம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். இன்று பார்த்தாலும் கண் நகராது. இடத்தை மிச்சம் பிடிக்க இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே வார்ப்பு, ஒரே எண்ணெய் என்று வைத்தார்கள். கியர் தேய்ந்து உதிரும் இரும்புத் துகளும் அதே எண்ணெயில்தான் சுற்றும். பிற்காலத்து எஸ்வி மாடல்களில்தான் எண்ணெயைப் பிரித்தார்கள். மேலே நான்கு வெபர் கார்ப்பரேட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய். பன்னிரண்டிலும் துணி அடைக்காமல் அதன் மேல் ஸ்பேனர் பிடிக்க எனக்குத் துணிவில்லை. ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் போதும்.

"அழகுக்கும் வேகத்துக்கும் கொடுக்கும் விலை இது" என்று ரசிகர்கள் சொல்வார்கள். நானும் கொஞ்சகாலம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையைக் கலைத்தது லான்சியா ஸ்ட்ராட்டோஸ்.

ஸ்ட்ராட்டோஸில் இருப்பது டினோ 246-இன் அதே 2.4 லிட்டர் வி6 இன்ஜின். அதே நாடு, அதே பத்தாண்டு, அதே குறுக்குவாட்டு அமைப்பு. வடிவம் கொடுத்தவர் மியூராவை வரைந்த அதே கண்டினி. முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2.18 மீட்டர்தான், டினோவைவிடக் குறைவு. ஆக, இடநெருக்கடி இங்கே இன்னும் அதிகமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பின்னுடல் முழுவதும் கீலில் எழும்பும். நின்றபடியே வேலை செய்யலாம். முன்னுடலும் அப்படியே. இந்தக் கார் ராலிக்காகப் பிறந்தது. 1974, 75, 76 மூன்று ஆண்டும் உலக ராலிப் பட்டத்தை லான்சியாவுக்கு வாங்கித் தந்தது. ராலியில் சாலையோரம் பழுதுபார்ப்பவர்கள் கம்பெனியின் சொந்த மெக்கானிக்குகள். அவர்கள் திணறும் ஒவ்வொரு நிமிடமும் கம்பெனியின் தோல்வி. டினோவில் நான் திணறும் நிமிடம் வாடிக்கையாளரின் பில்லில் ஏறுகிறது. இரண்டு காருக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிட நன்றாக விளக்கும் காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ராலிக் காரைச் சாதாரணச் சாலைக் காரோடு ஒப்பிடலாமா என்று யாரும் கேட்கலாம். முழுப் பின்னுடலும் தூக்கும் காரில் சத்தம் வரும், இடுக்குகள் சீராக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் 1999-இன் ஃபெராரி 360 மொடெனாவைப் பாருங்கள். அங்கும் நடு இன்ஜின், அங்கும் இருக்கைப் பக்கம் பார்த்த பெல்ட். ஆனால் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு மூடியை வைத்துவிட்டார்கள். அதைக் கழற்றினால் பெல்ட் கண்ணெதிரே. இன்ஜின் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கார் அழகு குறையவில்லை, 355-ஐவிட மெதுவாகவும் ஓடவில்லை. ஒரு சதுரத் துளையும் மூடியும் யோசிக்க அவர்களுக்கு 348-லிருந்து பத்து ஆண்டுகள் பிடித்தன. அடுத்த எஃப்430-இல் பெல்ட்டையே விட்டுவிட்டுச் சங்கிலிக்கு மாறினார்கள்.

பணக்காரர் பொம்மைக்கு நாம் ஏன் வருந்த வேண்டும் என்றால், முகப்பு விளக்கின் பல்பு மாற்ற பம்பரைக் கழற்றச் சொல்லும் சாதாரணக் கார்கள் இன்று ஓடுகின்றன. அவற்றுக்கு மியூராவின் சாக்குகூட இல்லை.

என் கோரிக்கை சின்னது. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மணி நேரம் ஆகும் என்ற கணக்கைக் கார் கம்பெனிகள் ஏற்கெனவே வைத்திருக்கின்றன. டீலர்கள் கூலி போடுவதே அதைப் பார்த்துத்தான். நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடும் என்று விளம்பரத்தில் அச்சிடுகிறவர்கள், பெல்ட், பல்பு, பேட்டரி, கிளட்ச் மாற்ற எத்தனை மணி நேரம் என்பதையும் அதே தாளில் அச்சிடட்டும். இதற்குப் புது ஆய்வு எதுவும் வேண்டாம், இருக்கிற எண்களை எடுத்துப் போட்டால் போதும்.