விதின்னு சொன்னா யாருக்கு லாபம்?

எம்.ஏ. தமிழ் படித்தபோது ஒப்பிலக்கியத் தாளில் தாமஸ் ஹார்டியின் ‘டெஸ்’ நாவலைப் பற்றி (1891) நடத்தினார்கள். டெஸ் தூக்கில் தொங்கியதற்குக் காரணம் விதியாம். நானும் அப்படியே எழுதித்தான் தேறினேன்.

என்ன விதி? வண்டிக்குதிரை செத்தது, குடும்பத்தின் பிழைப்பு போச்சு. பொண்ணைப் பணக்கார வீட்டுக்குக் கோழி பார்க்க அனுப்பினார்கள். அங்கே அலெக் கெடுத்தான். பிறகு கட்டியவனோ தன் பழைய தப்புக்கு அவளிடம் மன்னிப்பு வாங்கிக்கொண்டு, அவளுக்கு நடந்த கொடுமையைக் கேட்டதும் விட்டுட்டுப் போனான். அப்பன் செத்த அன்றோடு வீட்டுக் குத்தகை முடிந்தது. தாயும் பிள்ளைகளும் தெருவில். மறுபடி அலெக்கிடமே போனாள். வீடு யாருது, நிலம் யாருது என்று கேட்டாலே போதும், விதிக்கு அங்கே வேலையில்லை.

வெள்ளைக்காரி கதை என்றால் இதை நம்மாட்கள் ஒத்துக்கொள்வார்கள். 1994இல் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ வந்தபோதுதான் முகம் சுளித்தார்கள். குன்னத்திலிருந்து வடக்கே வெள்ளாற்றைத் தாண்டினால் அந்தக் கதையின் சீமை. ஆரோக்கியம் காலனிக்கு வெளுக்கிற புதிரை வண்ணாத்தி. பிரசவம் பார்ப்பாள், சாவு வேலை செய்வாள், ராத்திரி வீடு வீடாய்ச் சோறு எடுப்பாள், அறுப்புக் காலத்தில் களத்தில் போய் நிற்பாள். பேசிய கூலி கிடையாது, இஷ்டப்பட்டுப் போடுவதுதான் படி. அவள் மகள் மேரியைக் கெடுத்தவன் காலனிக்காரன். எங்கே போய் முறையிடுவாள்? நியாயம் கேட்க வேண்டியதும் அதே தெரு, ராத்திரிக்குச் சட்டி ஏந்த வேண்டியதும் அதே தெரு.

தலித்தைத் தலித்தே ஒடுக்குவதாக எழுதலாமா, ஊர்க்காரனுக்கு அவல் கொடுக்கலாமா என்றார்கள். நான் கேட்கிறேன்: நாம் வாயை மூடிக்கிட்டா ஊர்க்காரனுக்குத் தெரியாதா? நமக்குக் கீழே ஒருத்தரை நிறுத்தினால்தான் இந்த ஏணி நிற்கும் என்று அவனுக்கு நம்மைவிட நல்லாத் தெரியும். புதிரை வண்ணாருக்கு நல வாரியம் என்று ஒன்று அமையவே 2009 ஆச்சு. சாதிச் சான்றிதழ் வாங்குவதற்கே அலைய வேண்டியிருப்பதாகச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. அதைக் கேட்டு நம்மில் எத்தனை பேர் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றோம்?

எங்க தெருவிலும் சட்டியோடு ஒரு கிழவி வருவாள். என் பாட்டி வயசு. எட்டு வயசுப் பையன் நான், “ஏண்டி, நில்லுடி, அம்மா வரும்” என்பேன். அவள் என்னைச் ‘சாமி’ என்பாள். பருத்திக் காட்டில் தன்னை வாடா போடா என்றவர்களை எங்க அப்பா கூப்பிட்ட அதே சொல்.