டிரிப்ஸ் ஏற்றலாமா, வேண்டாமா? ஸ்கேனில் ரத்தக்குழாயைப் பார்த்துச் சொல்லும் டாக்டர்கள்... எப்படி?

“ரொம்ப டயர்டா இருக்கு டாக்டர், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க...” காய்ச்சல் சீசனில் கிளினிக்குகளில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. ஆனால், டிரிப்ஸ் எல்லோருக்கும் நல்லது செய்வதில்லை.

உகாண்டா, கென்யா, தான்சானியாவில் கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டமும் குறைந்து வந்த 3,141 குழந்தைகளிடம் நடந்த ‘ஃபீஸ்ட்’ ஆய்வு 2011-ல் வெளியானது. வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 10.5%. அப்படி ஏற்றப்படாதவர்களில் 7.3% தான். டாக்டர்களே அதிர்ந்து போன முடிவு இது.

டெங்குவில் சிக்கல் இன்னும் அதிகம். ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயை விட்டு வெளியே கசிவதால், திரவம் ஏற்றாவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஓரிரு நாளில் கசிந்தது தானாகவே உள்ளே திரும்பும். அப்போதும் டிரிப்ஸ் ஓடினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். பி.பி.யை மட்டும் நம்பவும் முடியாது. குழந்தைகளுக்கு அது கடைசி நேரத்தில்தான் சரியும்.

முன்பெல்லாம் கழுத்து நரம்பு வழியாக டியூப் செலுத்தித்தான் உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளப்பார்கள். இப்போது ஊசியே வேண்டாம். நெஞ்செலும்புக்குக் கீழே ஸ்கேன் கருவியை வைத்தால், இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் கீழ்ப்பெருஞ்சிரை தெரியும். மூச்சை இழுக்கும்போது அது சுருங்கும். 2.1 செ.மீ.க்குள் இருந்து, பாதிக்கு மேல் சுருங்கினால் உள்ளே அழுத்தம் குறைவு. குழாய் தடித்து, அசையாமல் நின்றால் அழுத்தம் அதிகம். டிரிப்ஸை யோசித்துத்தான் ஏற்ற வேண்டும். ரத்தம் ஓடும் வேகத்தை டாப்ளர் காட்டிவிடும். ஆம்புலன்ஸ் நெருங்கும்போது சைரன் சத்தம் மாறுமே, அதே கணக்கு!

ஆனால், இந்த ஒரு படத்தை வைத்தே முடிவெடுக்கக் கூடாது. வென்டிலேட்டரில் இருப்பவருக்குக் கணக்கே தலைகீழ். இதயத்தின் வலதுபுறம் பலவீனமானவருக்கு, ரத்தம் குறைந்திருந்தாலும் குழாய் தடித்தே தெரியலாம். நாடித்துடிப்பு, சிறுநீர் அளவு, ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கைக்கடக்கமான ஸ்கேன் கருவிகளே வந்துவிட்டன. பிறகு ஏன் எல்லா ஆம்புலன்ஸிலும் இல்லை? கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் இத்தகைய கருவிகளைப் பதிவு செய்தாக வேண்டும். இடம்விட்டு இடம் கொண்டுபோகும் கருவிகளுக்குக் கட்டுப்பாடு இன்னும் கூடுதல்.