விதைநெல்லும் அடுப்படியும்

கடவுள் எங்கே என்று கேட்டால் சிலர் கோயிலைக் காட்டுவர்; சிலர் நூலைக் காட்டுவர். நூலே அடுப்படியைக் காட்டுகிறதே, அதைக் கவனித்தோமா?

பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் நம் தாம்பரத்துக்கு அருகில்தான் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய இளையான்குடி மாறனார் வரலாற்றைப் பாருங்கள். கொட்டும் மழை, நள்ளிரவு, வாசலில் அடியவர் வேடத்தில் இறைவன். வீட்டிலோ ஒரு மணி நெல் இல்லை. பகலில் விதைத்த நெல்லை வாரி வரலாமே என்று யோசனை சொன்னவர் யார்? மனைவியார்! மாறனார் இருட்டில் காலால் வழி தடவிப் போய் அள்ளி வந்தார். விறகுக்குக் கூரைக் கழியை அறுத்தார். நெல்லை வறுத்து அரிசியாக்கிச் சோறு பொங்கியதும், முற்றாத கீரையைப் பலவகைக் கறியாக்கியதும் அந்த அம்மையார்தான். அவர் பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை. மேடைகளிலோ மாறனாருக்கு மட்டுமே மாலை விழுகிறது!

இறைவன் சோதியாய்த் தோன்றியது கதையின் முடிவில். ஆனால் விதைநெல் அந்த அம்மையாரின் நினைவுக்கு வந்தபோதே அவன் வீட்டுக்குள் வந்துவிட்டான் என்பது என் கருத்து.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியபோது, நாங்கள் குடியிருந்த மாடிப் போர்ஷனுக்கு மூன்று குடும்பங்கள் ஏறிவந்தன. பள்ளிக்கூடமே போகாத என் தாயார் இருந்த அரிசி முழுவதையும் கஞ்சியாக்கி ஊற்றினார். "நாளைக்கு?" என்றார் அப்பா. "நாளைக்குப் பசிக்கும்போது பார்ப்போம்" என்றார் அம்மா.

அண்மையில் மாறனார் கதையை அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த வீட்டுல உப்பாவது இருந்துச்சாமா?" என்றார்.