பாட்டியின் மெஷின் மேசைக்கால் ஆகலாமா?

பழைமையை அலங்காரமாக்கும் காப்பிக் கடைகள் நம் பட்டணங்களில் பெருகிவிட்டன. அங்கே மேசைப் பலகையைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்களைக் கவனித்திருப்பீர்கள். நடுவில் ‘சிங்கர்’ என்று வார்ப்பிலேயே எழுதியிருக்கும். கீழே கால்மிதியும் அப்படியே இருக்கும். காப்பி குடிப்பவர்கள் அதில் காலை வைத்து ஆட்டிக்கொண்டே கைப்பேசியைப் பார்ப்பார்கள். அந்தக் கால்களின் மேல் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்த மெஷின் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் அது பழைய இரும்பாக எடைக்குப் போயிருக்கும்.

இதை நான் வெறும் ஏக்கத்தில் எழுதவில்லை. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்த நம் குடும்பங்களுக்கு இதில் ஓர் இழப்பு இருக்கிறது. அதைத் தடுக்கும் வேலையை இன்றைய மாணவர்களால் செய்ய முடியும் என்பதே என் கருத்து.

போ தேயிலைத் தோட்டத்தை 1929-இல் தொடங்கியவர் ஜே.ஏ. ரஸ்ஸல் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். அந்தச் சரிவுகளில் கூடை சுமந்து கொழுந்து எடுத்த பெண்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் நிலம் வாங்கவில்லை; குடியிருந்த லயத்து வீடும் தோட்டத்துக்கே சொந்தம். தங்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவர்களில் பலர் வாங்கிய பெரிய பொருள் தையல் மெஷின்தான். மொத்தமாகப் பணம் கட்ட வேண்டியதில்லை, தவணையில் கிடைத்தது. சிங்கர் நிறுவனம் 1856-லேயே அமெரிக்காவில் தொடங்கிய விற்பனை முறை அது. பகலில் கொழுந்து, இரவில் தையல். தீபாவளிச் சட்டை, பள்ளிச் சீருடை, பக்கத்து வீட்டுக்காரியின் ரவிக்கை எல்லாம் அந்தச் சக்கரத்தில்தான் ஓடின.

ரிங்லெட்டில் என் பெரியம்மா வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. அதன் மேல் துணி விரித்துத் தொலைக்காட்சியை வைத்திருந்தார்கள். “வெள்ளைக்காரன் காலத்து மெஷின். ஜப்பான்காரன் வருவதற்கு முன்னமே வாங்கியது” என்பது எங்கள் குடும்பக் கதை. ஒரு தீபாவளி விடுமுறையில் துணியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். தூணில் பித்தளை வில்லை. அதன் நீல விளிம்பில் 1851–1951 என்று பொறித்திருந்தது. சிங்கர் தன் நூற்றாண்டைக் கொண்டாடப் பொருத்திய வில்லை அது. ஆக, மெஷின் ஜப்பானியர் ஆட்சிக்கு முந்தியது அல்ல. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் இந்த மலைக்கு ஏறி வந்தது. இதைச் சொன்னதும் பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத்தான் வாங்கினேன் என்று அம்மா சொல்லும். நான் நம்பியதில்லை. சரியாகத்தான் இருக்கும் போல” என்றார். பாட்டியின் தவணைப் புத்தகம் என்றோ கரையானுக்குப் போய்விட்டது. அவருக்காகச் சாட்சி சொல்ல அந்த வில்லை மட்டுமே மிஞ்சியிருந்தது.

வில்லை இல்லாத மெஷின்களும் பேசும். அடித்தட்டின் மேல் எண் பொறித்திருக்கும். 1900-க்குப் பிறகு வந்த சிங்கர் மெஷின்களில் எண்ணுக்கு முன் ஓர் எழுத்தோ இரண்டு எழுத்துகளோ இருக்கும். ‘ஒய்’ என்றோ, ‘இ’ முதலெழுத்தாக இரட்டை எழுத்திலோ தொடங்கினால் அது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்தது. அந்த ஆலை 1980-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் எண் பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. எண் சொல்வது மெஷின் உருவான காலத்தைத்தான், நம் பாட்டி வாங்கிய நாளை அல்ல. கைமாறி வந்ததாகவும் இருக்கலாம். மீதியை வீட்டுப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்க வைப்பதே இந்தப் பொழுதுபோக்கின் பாதிப் பயன்.

மாடலைக் கண்டுபிடிக்க பாபினைப் பாருங்கள். படகு போன்ற நீண்ட ஷட்டிலுக்குள் மெல்லிய பாபின் இருந்தால் அது 27, 28, 127, 128 வரிசைப் பழைய மெஷின். வட்டப் பாபின் மேலிருந்து விழுவதுபோல் படுத்திருந்தால் 66 அல்லது 99 ஆக இருக்கலாம். இடப்பக்கத்தில் உறைக்குள் நிமிர்ந்து நின்றால் 15 வகை. இந்த 15 வகையைப் போருக்குப் பிறகு ஜப்பானிய ஆலைகள் பல பெயர்களில் செய்து குவித்தன. ஆகவே சிங்கர் என்ற பெயர் இல்லை என்பதற்காக ஒதுக்க வேண்டாம்.

இனி, பழுது பார்ப்பது. நான் செய்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சக்கரம் இறுகியிருந்ததால் சமையலறையில் இருந்த தேங்காய் எண்ணெயை ஊற்றினேன். அன்று மாலை சக்கரம் சுற்றியது. மறுநாள் காலையில் முன்னைவிட இறுகிவிட்டது. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகையிலேயே உறைந்துவிடும். கேமரன் மலை இரவுகள் அதைவிடக் குளிர்ந்தவை. உறையாவிட்டாலும் சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும். இறுகிய மெஷினுக்கு முதலில் மண்ணெண்ணெய். பழைய பிசின் கரைந்து வடிந்த பிறகு தையல் மெஷின் எண்ணெய், ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு. சக்கரத்தை முரட்டுத்தனமாகத் திருகக் கூடாது. ஒரு நாள், இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். மேற்பகுதி நம்மை நோக்கி வரும்படிதான் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் சிக்கும். மோட்டார் பொருத்தியதாக இருந்தால் பழைய கம்பியைப் பரிசோதிக்காமல் மின்சாரம் கொடுக்கவே கூடாது.

கறுப்பு உடலில் உள்ள பொன்னிறச் சித்திரங்களை ஸ்பிரிட்டால் துடைத்தால் மேலிருக்கும் அரக்குப் பூச்சு கரைந்து சித்திரமும் போய்விடும். மென்துணியில் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். புதிதாகப் பெயிண்ட் அடிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. அடித்தட்டின் முன்பக்கத்தில் சித்திரம் தேய்ந்திருக்கிறது என்றால், அங்கேதான் பாட்டியின் கை துணியை நகர்த்தியிருக்கிறது. அந்தத் தேய்மானத்தை மறைத்துவிட்டு எதைப் புதுப்பிக்கிறோம்?

“புது மெஷின் சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கிறதே” என்பார்கள். உண்மைதான், பழைய மெஷின் நேர்த்தையல் மட்டுமே போடும். ஆனால் இன்று கடையில் வாங்கும் சாதாரண ஊசி, எழுபது ஆண்டுப் பழைய 15 வகை மெஷினில் பொருந்துகிறது. நம் கைப்பேசிக்கு ஐந்து ஆண்டு கழித்து உதிரிப்பாகம் கிடைக்குமா? இயந்திரங்களின் ஆதிக்கத்தை எதிர்த்த காந்தியடிகளே சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார்.

“இது பல ஆயிரம் வெள்ளி பெறுமாமே” என்று கேட்பவர்களும் உண்டு. 2009-இல் சவூதி அரேபியாவில், சிங்கர் மெஷினுக்குள் ‘சிவப்புப் பாதரசம்’ இருக்கிறது என்று வதந்தி பரவி, மக்கள் பெருந்தொகை கொடுத்து வாங்கி ஏமாந்தார்கள். சிங்கர் கோடிக்கணக்கில் விற்ற பொருள். சந்தையில் அதற்குப் பெரிய விலை இல்லை. வீட்டில்தான் அதன் மதிப்பு.

பள்ளிகளில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் இருக்கிறது. நெம்புகோல், சுழற்சி, உராய்வு எல்லாவற்றையும் திறந்து காட்டும் இதைவிட நல்ல கருவி ஏது? ஒரு பள்ளி ஒரே ஒரு மெஷினை வாங்கி, ஒரு தவணை முழுவதும் மாணவர்கள் கழற்றிச் சேர்க்கட்டும். பையன்களும் சேர்ந்துதான். பழுது பார்ப்பது ஆண் வேலை, தைப்பது பெண் வேலை என்ற பிரிவினையும் அந்த மேசையில் உடையும்.

தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு மாறும் குடும்பங்கள் முதலில் கழிப்பது கனமான பொருள்களைத்தான். மெஷினின் தலைப்பகுதி மட்டுமே பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும். அடுக்குமாடி வீட்டில் இடமில்லை என்பது புரிகிறது. விற்றே ஆக வேண்டுமானால் விற்றுவிடுங்கள். ஆனால் அதற்கு முன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், படம் எடுங்கள், யார் வாங்கியது, முதலில் என்ன தைத்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். இந்த விடுமுறையில் ஒரு மாலைப் பொழுது போதும்.

எங்கள் மெஷின் இப்போது ஓடுகிறது. பெரியம்மாவின் பேத்தி அதில் தலையணை உறை தைக்கப் பழகுகிறாள். தையல் கோணலாகத்தான் வருகிறது. தொலைக்காட்சிக்கு வேறு மேசை வாங்கிவிட்டார்கள்.