தேர் நாளில் சிக்னல் யாருக்கு?



பிள்ளையார் தேர் நாளில் லாச்சப்பலில் நின்று ஊருக்கு வீடியோ கோல் எடுத்துப் பாருங்கோ. றோட்டிலும் இடமில்லை, காற்றிலும் இடமில்லை. போன வருசம் எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, பழைய 4ஜி போனில் தங்கச்சிக்குத் தேரைக் காட்டப் படாதபாடு பட்டா. என்ர புதுப் போனில் படம் மெல்ல மெல்ல ஓடினது. அவவின்ரயில் வட்டம் சுத்திக்கொண்டே நின்றது.

அலைக்கற்றையை அந்தந்த நேரத்துக்கு ஏற்பப் பங்கிடும் தொழில்நுட்பம் ஒன்று இருக்கிறது. ஒரே அலைவரிசையில் 4ஜியும் 5ஜியும் ஓடும். எந்தப் பக்கம் தேவை கூட என்று பார்த்து, கோபுரம் மில்லிசெக்கன் கணக்கில் பங்கை மாற்றும். பிரான்ஸிலும் 2,100 மெகாஹேர்ட்ஸில் இப்படி 5ஜி தருகிறார்கள். ஆனால் பானையில் இருக்கிற சோறு அதேயளவுதான். புதுக் கோப்பை வந்தால் பழைய கோப்பையில் குறையும். பரிமாறும்போதும் கொஞ்சம் சிந்தும். புதுப் போன் வாங்க வசதியில்லாதவருக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கம்பனிதான் தீர்மானிக்கிறது.

அதாவது, இங்கே 'பங்கிடுதல்' என்பது கம்பனி தன் வேலிக்குள் செய்கிற பங்கிடுதல். 2020 ஒக்ரோபரில் ஆர்செப் 310 மெகாஹேர்ட்ஸை ஏலம் விட்டது. ஒரேஞ்ச், எஸ்எஃப்ஆர், பூய்க், ஃப்ரீ நாலும் சுமார் 280 கோடி ஈரோவுக்கு, 15 வருடத்துக்கு எடுத்தன.

வேலி இல்லாட்டில் அலைகள் மோதும் என்பினம். ஆனால் அமெரிக்கா 2015இல் 150 மெகாஹேர்ட்ஸைப் பொதுவில் பங்கிட விதி போட்டது. கடற்படை ராடாருக்கு முதலிடம். ஏலத்தில் எடுத்தவருக்கு அடுத்த இடம். அவர்கள் பாவிக்காத இடத்தில் பள்ளிக்கூடம் உட்பட மற்ற எல்லாரும். யார் எங்கே ஒலிபரப்பலாம் என்பதை ஒரு தானியங்கித் தரவுத்தளம் சொல்கிறது. முதலாளித்துவத்தின் தலைநகரிலேயே இது முடியுமெண்டால், பற்றாக்குறை எண்ட கதை பாதிதான் உண்மை.

இந்த நாட்டிலும் காற்று சும்மா திறக்கவில்லை. 1979இல் லொங்வி இரும்பாலைத் தொழிலாளர்கள், வானொலி அரச ஏகபோகமாக இருந்தபோதே, சிஜிடி தொழிற்சங்கத்தோடு சேர்ந்து சட்டத்தை மீறித் தங்கள் வானொலியை நடத்தினார்கள். 1981 நவம்பரில்தான் சங்கங்களின் வானொலிக்குச் சட்டம் வழிவிட்டது.

நாங்கள் கேட்கவேண்டியது இரண்டு. பழைய போன்களுக்குக் குறைந்தபட்சப் பங்கு உறுதியாக வேணும். கம்பனிகள் பாவிக்காத அலைக்கற்றை சங்கங்களுக்கும் பள்ளிகளுக்கும் திறக்க வேணும். ஆர்செப் அடுத்தமுறை பொதுக் கருத்துக் கேட்கும்போது கம்பனிகளின் கடிதம் மட்டும் போகக்கூடாது. எங்கட கடிதமும் போகவேணும். எழுத வாறீங்களா?