எங்கட மைனர் சாகேல்லையே

அம்பாசடர் திரும்ப வரவேணுமா எண்டு கார்ப் பிரியர்களுக்குள்ள இன்னும் வாக்குவாதம். 2014இல் உற்பத்தி நின்றது. 2017இல் பேஜோ குழுமம் 80 கோடி இந்திய ரூபாய்க்கு வாங்கினது அந்தப் பெயரைத்தான். பெயரை ஒட்டினால் அது அம்பாசடராகிடுமா?

அதே மொரிஸ் வம்சத்துப் பிள்ளைதான் எங்கட மைனர். இங்கிலாந்தில் 1970களின் தொடக்கத்திலேயே நிறுத்தியாச்சு. ஹெவ்லொக் ரோட்டில் இண்டைக்கும் காணலாம். தொண்ணூறுகளில் அதின்ர உதிரிப்பாகங்களை இங்க செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினவை! பஞ்சிகாவத்தைக் கடைகளும் கராஜ் பாஸ்மாரின் கையும்தான் அதை உயிரோட வச்சிருக்கு.

மின்சார மோட்டர் பூட்டுறதெண்டாலும் பூட்டுங்கோ, எனக்குச் சண்டையில்லை. ஆனால் அந்த பாஸ் கழற்றித் திருத்த ஏலாத புது ‘மைனர்’ எனக்கு வேண்டாம்.