கிளி வாங்குமுன்



பிள்ளை ஆசைப்பட்டதென்று கிளிக்குஞ்சு தேடுவோர் முதலில் சட்டத்தைப் பார்ப்பது நல்லது. நம் பச்சைக்கிளி, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுயிர். கூண்டில் அடைத்தால் வழக்கு வரும். ஜோசியக் கிளிக்கும் விலக்கில்லை.

சரி, வெளிநாட்டுக் கிளி? ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை அரசிடம் பதிய வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் ஆயுள். நன்கு பேணினால் 40 ஆண்டுகளைத் தாண்டும். ஓய்வு பெற்றபின் வாங்குபவர் தமக்குப் பின் அதை யார் பார்ப்பார் என்றும் யோசிக்க வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க் பழக்கிய அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி, நிறமும் வடிவமும் சொன்னது, எண்ணவும் செய்தது. அத்தனை மூளையுள்ள பறவையை நாள் முழுக்கத் தனியே விட்டால், சலிப்பில் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்வதுண்டு. கத்தலோ, பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான்!

கிளிப் பிரியர்களுக்கு மொட்டைமாடி இருக்கிறது. சென்னை இராயப்பேட்டையில் ஒரு வீட்டு மாடிக்கு அரிசி தின்ன ஆயிரக்கணக்கில் கிளிகள் வந்திருக்கின்றன, கூண்டே இல்லாமல்.

— வாசகர், மதுரை